ஊரின் முதுகு

“இன்னைக்கு எந்தச் சந்துக்கு என்னைத் துரத்தப் போறீங்க?”

பிளாஸ்க்கை மூடிக்கொண்டே கேட்டாள் மனைவி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு தலையணைகளுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்த டூர்காரர் சிரித்தார். சிரிப்போடு இருமலும் சேர்ந்து வந்தது.

பாதி ஆயுசு, யார் யாரையோ கூட்டம் சேர்த்து ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டியவர் அவர். கட்டிய மனைவியை மட்டும் எங்கேயும் கூட்டிப்போனதில்லை. “அடுத்த டிரிப்ல நீயும் வர்றே” என்று சொல்லிச் சொல்லியே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. கடைசியில் அவள் கடல் தாண்டி வந்தது, இந்தப் பெருநகரத்தில் அவருக்கு வைத்தியம் பார்க்கத்தான். ஒத்தாசைக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வைத்தியமோ மாதக்கணக்கில் இழுத்தது.

வந்த புதிதில் அவளை வராந்தாவைத் தாண்டக்கூட விடமாட்டார். போன மாதம் பெரிய டாக்டர் வந்து, அவளுக்குப் புரியாத பாஷையில் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்.

“என்னங்க சொல்றார்?”

“தேறிட்டேனாம். சீக்கிரமே ஊருக்கு அனுப்பிடுவாராம்.”

“இதுக்கா இவ்வளவு நேரம் பேசினார்?”

“பெரிய டாக்டர் இல்லையா, எதையும் இழுத்து இழுத்துத்தான் பேசுவார்.”

மறுநாளே பிடித்தது இந்தப் பைத்தியம். அவளை ஊர் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். அதுவும் தனியாக.

அரண்மனை, மியூசியம் என்று நல்லதாக ஓர் இடம் சொல்லமாட்டார். நீரூற்றுக்கு எதிரே தூண் வைத்த கட்டடம், அதன் இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து ஆறு அழகாகத் தெரியும், பார்த்துவிட்டு வா என்பார். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் தச்சர் தெரு, அங்கே பச்சைக் கதவு போட்ட பட்டறை, அந்த மர வாசனைக்கு ஈடே கிடையாது என்பார்.

முதல் தடவை அவள் வழி தவறி அழுதே விட்டாள். பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு பாஷை. யாரிடம் போய் என்னவென்று கேட்பது? திரும்பி வந்து பொரிந்து தள்ளினாள். அவர் மசியவில்லை. மறுநாளும் அதே இடத்துக்கே அனுப்பினார். எந்த பஸ், எந்த நிறுத்தம், எந்தப் படிக்கட்டு என்று கணக்கு வாத்தியார் மாதிரி துருவித் துருவிக் கேட்டார். சும்மா சொல்லக் கூடாது, போகப் போக அவளுக்கும் ஊர் பிடிபட்டது. ஆனால் அவரை விட்டுவிட்டுப் போகிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சு கனத்தது.

“இன்னைக்கு ஏர்போர்ட்,” என்றார் இப்போது.

“பிளேன் பார்க்கவா? நான் என்ன சின்னக் குழந்தையா?”

“முன்வாசல் இல்ல. மதிலை ஒட்டியே போனா பின்னாடி சரக்கு வாசல் வரும். அங்கே நின்னு பாரு, தலைக்கு மேலேயே இறங்கும்.”

“நல்ல நல்ல இடம் எவ்வளவோ இருக்கு இந்த ஊர்ல. எல்லாத்துக்கும் பின்னாடியே அனுப்புறீங்களே!”

“ஊரோட முகத்தை யார் வேணா பார்ப்பாங்க. முதுகைப் பார்த்தவங்களுக்குத்தான் ஊர் தெரியும்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் உங்க பக்கத்துல உட்காரத்தாங்க வந்தேன். ஊர் சுத்த வரல. என் மூஞ்சி அவ்வளவு சலிச்சுப் போச்சா?”

அவர் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

“முன்னே ஒரு டிரிப்ல ஒரு அம்மா, இதே ஊர்ல வழி தெரியாம நடுரோட்டுல நின்னு அழுதாங்க. எங்கே போகணும், யாரைக் கேக்கணும், ஒண்ணும் தெரியல. இன்னமும் என் கண்ணுலேயே நிக்குது. நீ அப்படி நிக்கக் கூடாது. போயிட்டு வாம்மா.”

“நம்ம ஊருக்கு எப்பங்க போவோம்?”

“சீக்கிரம். ரெண்டு பேரும் ஒரே பிளேன்ல.”

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சரக்கு வாசலைக் கண்டுபிடித்துவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு விடியற்காலையில், அவள் கையைப் பிடித்தபடியே டூர்காரர் போய்விட்டார்.

அழுது ஓய்ந்து அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நம் பாஷை தெரிந்த ஒரு நர்ஸை எங்கிருந்தோ தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, ஐயாவை ஊருக்குக் கொண்டுபோகணும்னா கொஞ்சம் அலையணும். முதல்ல நீரூற்றுக்கு எதிர்ல தூண் வச்ச கட்டடம், ரெண்டாவது மாடி. இறப்பைப் பதியறது அங்கேதான். அப்புறம் தச்சர் தெருவுல பச்சைக் கதவு, பெட்டி அங்கேதான் செய்வாங்க. கடைசியா ஏர்போர்ட், சரக்கு வாசல். உங்களுக்குப் பாஷையும் தெரியாது… வழி தெரிஞ்சவங்க யாராவது கூட இருக்காங்களாம்மா?”

அவள் நர்ஸையே பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்து, செருப்பைத் தேடினாள்.

“எனக்கே தெரியும்மா. எல்லா இடத்தையும் அவரே எனக்குச் சுத்திக் காட்டிட்டாரு.”