இரண்டாவது பை

அந்த முதியோர் குடியிருப்பில் காலையில் எழுந்தவர்கள், நலமாக இருப்பதற்கு அடையாளமாக, அவரவர் கதவின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் பையை மாட்டிவிட வேண்டும். பணிப்பெண் பாக்கியம் வராந்தாவில் பார்த்துக்கொண்டே போவாள். பை தொங்காத கதவை மட்டும் உடைத்துவிடுவதுபோல் தட்டுவாள். செல்லத்தங்கத்தின் பக்கத்து அறை எஸ்தருக்கு விடியும் நேரத்தில்தான் கண் அசரும். “என் பையையும் நீங்களே மாட்டிடுங்கக்கா, புண்ணியமாப் போவும்,” என்று அதைச் செல்லத்தங்கத்திடமே கொடுத்துவைத்திருந்தாள். செல்லத்தங்கம் முழங்கால் வலியோடு எழுந்து, தினமும் இரண்டு கதவிலும் மாட்டிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாள். அலுப்பாகத்தான் இருந்தது, ஆனால் இந்த வயதில் ஒருத்திக்குத் தூக்கம் வருவதே பெரிய காரியம். இன்றும் அரைத் தூக்கத்தில் மாட்டினாள். காலை டிபனுக்கு எஸ்தர் என்றுமே வருவதில்லை. தவறாமல் வரும் மதியச் சாப்பாட்டுக்கும் இன்று அவள் நாற்காலி காலியாகவே இருந்தது.

“எஸ்தரம்மாவைப் பாத்தியா?” என்று பரிமாற வந்த பாக்கியத்திடம் செல்லத்தங்கம் கேட்டாள்.

“காலையிலயே பை தொங்குச்சேம்மா. எந்திரிச்சு இங்கதான் எங்கியாச்சும் இருப்பாங்க,” என்ற பாக்கியம் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள்.

செல்லத்தங்கம் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து எஸ்தரின் அறைக்கு நடந்து வந்தாள். காலையில் தன் கையால் மாட்டிய பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. கூப்பிட வாயெடுத்தவள், வராந்தாவை இருபுறமும் பார்த்தாள். பையைக் கழற்றி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகுதான் கதவைத் தட்டினாள். தூக்கம் கலைந்துவிடாத அளவுக்கு, மெதுவாக.