வால் பார்த்து அனுப்புகிறவன்

ஓர் உயிரணுவுக்குள்ளே பிரிப்பான் என்றொரு புரதம் இருந்தான். வருகிற புரதங்களின் வாலைத் தடவிப் பார்த்து, சுவருக்குப் போகவேண்டியதைச் சுவருக்கும், கரைக்கும் தொட்டிக்குப் போகவேண்டியதைத் தொட்டிக்கும் பையில் ஏற்றி அனுப்புவது அவன் வேலை. முகம் பார்க்கும் வழக்கமில்லை. வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சுக்கே தன்னிடம் இடமில்லை என்பதில் அவனுக்குப் பெருமை.

ஒருநாள் வைரஸ் ஒன்று உள்ளே நுழைந்தது. எதையும் அது உடைக்கவில்லை. சுவரில் நின்று, உள்ளே நடப்பதை வெளியே ரோந்து வருகிறவர்களுக்குக் காட்டும் காவலாளியின் வாலில் தொட்டிக்கான அடையாளத்தை ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

காவலாளி பிரிப்பானின் கைக்கு வந்து சேர்ந்தான்.

"என்னைத் தெரியலையா? சுவருக்கு அனுப்பி வெச்சதே நீதானேப்பா," என்றான். "உள்ளே வைரஸ் வந்திருக்கு. நான் காட்டலைன்னா வெளியே யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை முகத்தைப் பாரு."

குரல் பழகிய குரல்தான். பிரிப்பானின் கை தயங்கியது. மறுபடியும் வாலைத் தடவினான். அடையாளம் தெளிவாக இருந்தது.

"உனக்குப் பார்த்தா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க," என்று சொல்லி அவனைத் தொட்டிக்கு ஏற்றினான்.

பின்னாலேயே வைரஸின் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். எல்லோர் வாலிலும் சுவருக்கான அடையாளம் சரியாக இருந்தது. பிரிப்பான் ஒருவரைக்கூட இடம் மாற்றி அனுப்பவில்லை.

வெளியே ரோந்து வந்தவர்கள் சுவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். குறை சொல்ல அங்கே யாருமில்லை.

"இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை," என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள்.