மூன்றடித் தாழ்ப்பாள்

“தாள் நிறைய வர்ற மாதிரி இப்பவே அனுப்பறேன் சார்” என்று பூங்கோதை போனில் சொன்னது, அவள் கணினியில் சேமித்து வைத்திருந்த தாழ்ப்பாள் படத்தின் காதில் விழுந்தது.

“அக்கா, என்னைத்தான் சொல்றாங்க!” என்று அது குதித்தது.

“உன்னையா? நான் ஆஸ்பத்திரி பிளான். சாயந்திரத்துக்குள்ள நான் போகலைன்னா கட்டறதுக்கு அனுமதியே கிடைக்காதுடி. இருக்கிறதும் ஒரே தாள்!” என்றது பக்கத்துப் படம்.

அதற்குள் தாழ்ப்பாள் வரிசையில் முந்திக்கொண்டு, பெரிய தாளில் பேனாவால் படம் வரையும் இயந்திரமான பிளாட்டரிடம் ஓடிவிட்டது.

“விரல் நீளம்கூட இல்ல, உனக்கு மூணடித் தாளா?” என்று பிளாட்டர் சிரித்தது.

“தாள் நிறையன்னு சொல்லியாச்சு. வரைங்க மாமா!”

பிளாட்டருக்கு வரையக் கிடைத்தால் போதும். இப்படியும் அப்படியும் ஓடி ஓடி, நாலு திருகாணியையும் தோசை அளவுக்கு வரைந்து தள்ளியது.

பூங்கோதை வந்து பார்த்தாள். தாளைத் திருப்பிப் போட்டு, ஆஸ்பத்திரியை அனுப்பினாள்.