ஒரு ஸ்க்ரூகூட வீணாகாது

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த டி.வி. கம்பெனிக்குச் சுற்றுச்சூழல் விருது தரலாமா என்று பார்க்க பஷீர் அகமது வந்திருந்தார். மேனேஜர் உலகநாதன் கூல்டிரிங்ஸோடு வரவேற்றார்.

"பழைய டி.வி.யைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கலாம்னு விளம்பரம் பண்றீங்களே, அந்தப் பழசையெல்லாம் என்ன பண்றீங்க?"

"அக்குவேறா ஆணிவேறா பிரிச்சிடுவோம் சார். ஒரு ஸ்க்ரூகூட வீணாகாது."

"ஏரியில கொண்டுபோய்க் கொட்டுறதில்லையே?"

"ஐயையோ! அயனம்பாக்கம் ஏரித் தண்ணியைப் பார்த்து வளர்ந்தவன் சார் நான்!"

"அப்போ பிரிச்சதெல்லாம்?"

"தேவைப்படுறவங்க கியூவில நின்னு வாங்கிட்டுப் போறாங்க."

பஷீருக்குப் பரம திருப்தி. கிளம்பும்போது, விற்பனைக்குத் தயாராக இருந்த புது டி.வி. ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே ஸ்பீக்கர் மேல் பெரிய குங்குமப் பொட்டு.

உலகநாதன் முந்திக்கொண்டார். "ஒவ்வொரு புது டி.வி.க்கும் பொட்டு வெச்சுத்தான் அனுப்புவோம் சார். எல்லாம் இந்த முனியம்மாவோட ராசியான கை!"

பக்கத்தில் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்த முனியம்மாவிடம், "நல்ல பழக்கம்மா" என்றார் பஷீர்.

முனியம்மா பதறிப்போனாள்.

"நான் வெக்கல சார்! ஆயுத பூஜைக்கு எந்த மெக்கானிக்கு வெச்சானோ, பழைய டிவிலேர்ந்து இந்த ஸ்பீக்கரைக் கயட்டும்போதே அதுல இருந்திச்சு. தொடைச்சிட்டு மாட்டுன்னாரு மேனேஜரு. குங்குமத்தைப் போயி யாராச்சும் தொடைப்பாங்களா, நீங்களே சொல்லுங்க!"