மாவு மாத்திரை

“இப்படி எல்லாருமே தேறிட்டா நான் என்ன பண்றது டாக்டர்?” தலையில் கைவைத்துக்கொண்டாள் வேர்க்காரி.

டாக்டர் அவசரமாகக் கதவைச் சாத்தினார். “மெதுவாப் பேசும்மா. நோயாளிங்க காதுல விழுந்தா அடிக்க வருவாங்க.”

அவள் கவலை அவளுக்கு. ஒரு காட்டுச் செடியின் வேரிலிருந்து எடுத்த கசப்புச் சத்தையே கட்டிக்கொண்டு அழுததால் ஆஸ்பத்திரி வைத்த பெயர்தான் வேர்க்காரி. ஆய்வகத் தட்டில் புற்றுநோய் மருந்தைத் தனியாக விட்டால் பாதி செல்தான் சாகும். வேர்ச்சத்தையும் சேர்த்து விட்டால் கூண்டோடு கைலாசம்.

தட்டில் நடந்தது மனிதரிடமும் நடக்குமா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. எல்லாருக்கும் ஊசி வழியாக ஒரே மருந்து. கூடவே பாதிப் பேருக்கு வேர்ச்சத்து மாத்திரை, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதேபோல் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று இன்று காலைவரை டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

காலையில் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் கட்டி நன்றாகவே சுருங்கியிருந்தது. வித்தியாசம் எள்ளளவும் இல்லை. மாவுக்கு இருக்கிற மகிமைகூட உன் வேருக்கு இல்லையே என்று சொல்லி, ஆராய்ச்சியை மூடச் சொல்லிவிட்டது மேலிடம்.

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் விஷயத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு மருந்து ஏற்றும் கூடத்துக்குப் போனாள்.

அங்கே ஒரே கும்மாளம். கையில் ஊசியோடு சாய்ந்திருந்த பஸ் டிரைவர், பக்கத்து நாற்காலி தையல்கார அக்காவின் மொட்டைத் தலையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். அவர் தலை மட்டும் என்ன வாழ்ந்ததாம்.

“வாம்மா,” என்றாள் அக்கா. “உன் மாத்திரையைப் போட்டா வர்ற கசப்பு ஏப்பத்துக்கு ஏதாவது குடேன். இங்க ஒருத்தர் பாக்கியில்ல.”

“இனிமே வராதுக்கா. மாத்திரையை நிறுத்தப்போறோம்.”

“ஏம்மா?” என்றார் டிரைவர்.

“நிஜ மாத்திரை வாங்கினவங்களுக்கும் மாவு மாத்திரை வாங்கினவங்களுக்கும் ஒரே பலன்தான். அப்ப என் வேர் எதுக்கும் ஆகலைன்னுதானே அர்த்தம்?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காதான் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“திட்டாதம்மா. யாருக்கு மாவு வந்திருக்குன்னு தெரியல, ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் எப்படிப் பிழைக்கிறது? அதான் எல்லார் மாத்திரையையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து பங்கு போட்டுக்கிட்டோம்.”