கிழக்குத் தெரு வழியாக

அமரர் ஊர்தியைக் கிழக்குத் தெருவுக்குள் திருப்பியதும் ஜெபக்கனி பிரேக்கை மிதித்தாள். ஆண்கள் கூட்டமாக வழியை மறித்து நின்றார்கள்.

"ஒங்க தெருப் பொணம் இங்குட்டுப் போகக் கூடாது. ஆத்து வழியாப் போ," என்றான் வெயிலுமுத்து.

ஆற்றில் கழுத்தளவு வெள்ளம்.

"உள்ள இருக்கது நர்ஸ் தங்கபுஷ்பம்ணே. ஒங்க பிள்ளைக்கும் அவங்கதான பிரசவம் பாத்தாங்க?"

"தெரியும். வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

அப்போது வெயிலுமுத்துவின் மனைவி கைக்குழந்தையோடு கூட்டத்தை விலக்கி வந்தாள். பின்கதவைத் திறந்து ஏறி, தங்கபுஷ்பத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"எறங்குடி," என்றான் அவன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "வண்டிய எடுங்கக்கா."

ஜெபக்கனி கியரைப் போட்டாள். வெயிலுமுத்து நகரவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஓரம் ஒதுங்கினார்கள். வண்டி மெல்ல அவனை நோக்கி உருண்டது.