ஒன் மோர்

“கட்! பிணம் குறட்டை விடுது!”

டைரக்டர் போட்ட சத்தத்தில், கொலைகாரனாக நடிப்பவரே ஓரடி பின்வாங்கினார்.

தரையில் செத்துக் கிடந்த அக்கா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். யூனிட்டில் அவருக்குப் ‘பிணம் அக்கா’ என்றுதான் பெயர். இந்த டைரக்டரின் ஐந்து படங்களில் ஒன்பது தடவை செத்திருக்கிறார். படத்துக்குப் படம் அதே கதைதானே! ஒருத்தன் சைக்கோ, ஏழெட்டுப் பேர் பிணம்.

புரொடக்‌ஷன் மேனேஜர் பாய்ந்து வந்தார்.

“இந்தாம்மா, தூங்குறதுக்கா உன்னைக் கூப்பிட்டோம்? இன்னொரு தரம் குறட்டைச் சத்தம் கேட்டுது, இந்தப் படத்துலயும் நீ இல்ல, எந்தப் படத்துலயும் நீ இல்ல.”

“இல்ல சார்… இனிமே அசைய மாட்டேன் சார்.”

கலைந்த ரத்தத்தைச் சரிசெய்ய அசிஸ்டென்ட் டைரக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் அசிஸ்டென்ட்தான். தலை நரைத்ததே தவிர, பதவி நகரவில்லை.

“என்னக்கா நீங்க, இந்த ஆளைப் பத்தித் தெரியாதா? எடுக்கிறதும் சைக்கோ படம், எடுக்கிற ஆளும் சைக்கோ.”

“அவரைச் சொல்லி என்ன தம்பி? தப்பு என் மேல. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. மூணு ராத்திரியா ஆஸ்பத்திரியில ஸ்டூல்ல உட்கார்ந்தே இருக்கேன். தரையில சாஞ்சதும் கண்ணு சொருகிடுச்சு. இந்த வேலையும் போச்சுன்னா எங்க போவேன்?”

“டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டா?”

“ஐயோ, வேண்டாம் தம்பி!”

அசிஸ்டென்ட்டுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது. போய்ச் சொன்னால் தனக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

மறுபடி எடுத்தார்கள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைபோலக் கிடந்தார். கொலைகாரன் கத்தியை ஓங்கிக்கொண்டு சிரித்தார். எல்லாம் பிரமாதம். மணி மூன்றுதான். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமென்று லைட்காரர்கள் வயரைச் சுருட்டத் தயாரானார்கள்.

டைரக்டர் ஒரு விரலை உயர்த்தினார். ஒன் மோர்.

எடுத்தார்கள். மறுபடியும் ஒரு விரல். மற்ற நாளில் சத்தம் போட்டாவது தொலைப்பார். இன்றைக்கு வாயைத் திறந்து ‘ஒன் மோர்’ என்று சொல்லக்கூட அந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை.

கத்தி பளபளக்கவில்லை என்றார். துடைத்தார்கள். திரைச்சீலை ஆட வேண்டும், பெரிய ஃபேனைப் போடு என்றார். போட்டார்கள். அது போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை.

“தலை கேமராவுக்குத் தெரியல. அடியில ஒரு துணியை மடிச்சு வை.”

வைத்தார்கள்.

“ரத்தம்னு சர்க்கரைப் பாகை ஊத்தி வெச்சிருக்கீங்க, எறும்பு வருது பாரு. அவங்க மேல ஒரு எறும்பு ஏறினாலும் நீதான் பொறுப்பு.”

அசிஸ்டென்ட் பிரஷ்ஷும் கையுமாக எறும்பு விரட்டப் போனார். பன்னிரண்டு வருஷம் சினிமாவைக் கரைத்துக் குடித்ததற்குக் கிடைத்த உத்தியோகம்!

பதினோராவது டேக்கில் கொலைகாரனுக்குக் கை கடுக்கத் தொடங்கியது.

“ஒரு கொலைக்கு இவ்வளவு நேரமா? நிஜமா பண்ணியிருந்தா இந்நேரம் ஜாமீன்ல வந்திருப்பேன்” என்று புலம்பினார்.

யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. டைரக்டர் மட்டும் மானிட்டருக்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மறுபடியும் ஒரு விரல்.

அசிஸ்டென்ட் அக்காவைப் பார்த்தார். பாவம், ஒரு இமைகூட அசையவில்லை. வேலை போய்விடுமே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிற ஜீவனை ஒரு மனுஷன் இப்படியா வதைப்பான்? வருவது வரட்டும் என்று அவர் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு மானிட்டர் பக்கம் நடந்தார்.

“சார், போதும் சார். அந்த அக்கா மூணு நாளாத் தூங்கல. இதுக்கு மேல அவங்களைப் படுத்தாதீங்க. என்னை வேணும்னா வேலையை விட்டு அனுப்பிடுங்க.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் மானிட்டரில் விழுந்தது. கேமரா ஓடுகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளியைக் காணோம்.

“சார்! கேமரா ஓடவே இல்ல!”

“ரெண்டாவது டேக்கே ஓகேய்யா. அப்புறம் நாங்க எதையும் எடுக்கல” என்றார் டைரக்டர். பக்கத்தில் கேமராமேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

“பின்ன ஏன் சார் பேக்கப்னு சொல்லி எல்லாரையும் அனுப்பல?”

“சொன்னா அந்தம்மா எழுந்து, நேரா அந்த ஸ்டூல்ல போய் உட்காரும். ஷிஃப்ட் முடிய ஆறு மணி ஆகும்ல? அதுவரைக்கும் கிடக்கட்டும்.”

“ஸ்டூல் விஷயம் உங்களுக்கு எப்படி சார்…”

டைரக்டர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைத் தட்டினார்.

“மைக் ஆன்லதான் இருந்துது. அந்தம்மா சொன்னதும் கேட்டுது. நீ சொன்னதும் கேட்டுது.”

அசிஸ்டென்ட்டுக்கு வேர்த்துவிட்டது.

“சார், அது… நான் சும்மா விளையாட்டுக்கு…” என்று குரலை உயர்த்தினார்.

டைரக்டர் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினார்.

“மெதுவாப் பேசுய்யா. பிணம் முழிச்சுக்கப் போகுது.”